தாய் திரும்பி வராத கதை

வாசகி ஒருவரின் கடிதம்:

"ஐயா, வணக்கம். திருவான்மியூரில் இருக்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன பங்குனியில் ஏழு வயதுப் பேரனை பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போய், ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்டினேன். அன்று இரவே இருவரும் சேர்ந்து ஒரு கதை கட்டினோம். 'சிப்பி' என்ற ஆமைக்குஞ்சு தாயைத் தேடிக் கடலெல்லாம் அலைகிறது. நண்டிடமும் திருக்கையிடமும் வழி கேட்கிறது. நடுவில் ஒரு பையன் அதை வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வளர்க்கிறான். கடைசியில் தாயும் குஞ்சும் சேர்ந்துவிடுகின்றன. ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன், காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டார்கள். 'மிருகம் பேசுவதெல்லாம் பழைய காலம், இப்போது அறிவியலாக எழுத வேண்டும்' என்கிறாள் மருமகள். 'கதைக்கு எதுக்கு உண்மை?' என்கிறார் என் வீட்டுக்காரர். நாத்தனாரோ 'ஆமை புகுந்த வீடு உருப்படுமா' என்று, பேரன் ஆமை வரைந்த நோட்டையே ஒளித்து வைக்கச் சொல்கிறார். கதையில் ஆமை பேசலாமா? எவ்வளவு உண்மை இருக்க வேண்டும்? ஓவியரை நானே தேட வேண்டுமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய தை மாதத்தில், நீலாங்கரையில் செத்து ஒதுங்கிய பெரிய ஆமை ஒன்றைப் பேரன் பார்த்திருந்தான். கதை கட்டும்போது, 'அதுதான் சிப்பியோட அம்மாவா பாட்டி?' என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை."

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய கதையை மூன்று முறை படித்தேன். முதல் முறையே ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மணலில் யாரோ நடந்துபோன காலடித்தடத்துக்குள் சிப்பி விழுந்து, ஏற முடியாமல் துடுப்புகளை அடித்துக்கொண்டு கிடக்கிறதே, அந்த இடம். அது வீட்டில் உட்கார்ந்து யோசித்து வருகிற வரி அல்ல, கடற்கரையில் குனிந்து பார்த்தவருக்கு மட்டுமே கிடைப்பது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குஞ்சுக்கு மனிதக் காலடி ஒரு கிணறு. குஞ்சுகளை விடும் தொண்டர்கள் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லி, மணலைச் சமப்படுத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒரு பத்தி எழுதத் தெரிந்தவர் இந்தக் கதையைக் கைவிடக் கூடாது. திருத்த வேண்டும், நிறையவே.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தாயும் சேயும் சேர்வதாக ஏன் முடித்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. செத்துக் கிடந்த ஆமையைப் பார்த்த குழந்தைக்கு ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது. கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல், கதையை வைத்துப் பதில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அது நீங்கள் எழுதிய முடிவைவிடப் பெரியது.

பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்லும் இந்த ஆமை, தை மாதத்திலிருந்தே சென்னைக் கரைக்கு முட்டையிட வருகிறது. முட்டை பொரிய ஏறக்குறைய 50 நாள் ஆகும். ஆக, பங்குனியில் நீங்கள் பார்த்த குஞ்சுகள் தை கடைசியிலோ மாசி தொடக்கத்திலோ இட்ட முட்டையிலிருந்து வந்தவை. தையில் செத்து ஒதுங்கிய ஆமை, இறப்பதற்குச் சில நாள் முன்பு கரையேறி முட்டையிட்டிருக்கலாம். ஆகவே பேரனுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில்: "இருக்கலாம் கண்ணா."

அதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தாய் என்ன செய்துவிட்டுப் போனாள் என்று சொல்லுங்கள். இருட்டில் தனியாகக் கரையேறுகிறாள். நாற்பது கிலோ உடம்பு, தண்ணீரில் மிதந்தே பழகியது, மணலில் ஒவ்வொரு அடியும் அவளுக்குப் பாரம். அலை எட்டாத இடம் வரை வந்து, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போல ஒரு குழி தோண்டுகிறாள். குழி அவளுக்குப் பின்னால் இருக்கிறது. தான் தோண்டுவதையும் அவள் பார்ப்பதில்லை, இடுகிற நூற்றுச் சொச்சம் முட்டைகளையும் பார்ப்பதில்லை. பிறகு மணலைத் தள்ளி மூடுகிறாள். மூடியதும் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, அடிவயிற்று ஓட்டால் தொம் தொம் என்று மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்துகிறாள். இந்த வகை ஆமைக்கு உள்ள தனிப் பழக்கம் இது. சுற்றிலும் மணலை வாரி இறைத்து இடத்தை மறைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறாள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளைகளை அவள் பார்க்கவே போவதில்லை. அவர்களும் அவளைத் தேடுவதில்லை.

சிப்பிக்குத் தாய் வேண்டியதில்லை, அம்மா. வேண்டியதையெல்லாம் அவள் குழிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இதை ஒரு குழந்தைக்குச் சொன்னால் அழுமே என்று பயப்படாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, "அப்போ அதுக்கு வழி யார் சொன்னா?" என்று கேட்பார்கள். உங்கள் கதை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.

வழி யார் சொன்னார்கள்? வெளிச்சம். கடலுக்கு மேலே உள்ள வானம் நிலத்தைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கும். குஞ்சு அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறது. லட்சக்கணக்கான வருடங்களாக அது தப்பவில்லை. இன்று நம் கடற்கரைச் சாலை விளக்குகளும் கடைகளின் விளக்குகளும் கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால், குஞ்சு ஊரைப் பார்த்து நடந்து, நாய் வாயிலும் சக்கரத்திலும் அகப்படுகிறது. நண்டும் திருக்கையும் இல்லாமலேயே உங்களுக்கு ஒரு முழுக் கதை இங்கே கிடைத்துவிட்டது. வில்லன் என்று யாரும் இல்லை. யாரோ ஒருவர் இரவில் அணைக்க மறந்த ஒரு விளக்கு இருக்கிறது, அதை அணைக்கக்கூடிய ஒரு குழந்தையும் இருக்கிறது.

இன்னும் உள்ளே போங்கள். குழிக்குள் ஒரு குஞ்சு மட்டும் தனியாகப் பிழைக்க முடியாது. முட்டையை உடைக்க மூக்கு நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும், சில நாளில் அது உதிர்ந்துவிடும். ஓட்டை உடைத்து வந்ததும் எல்லாக் குஞ்சுகளும் சேர்ந்து அசைகின்றன. மேலே உள்ளவை மணலைச் சரிக்கின்றன, கீழே உள்ளவை அதை மிதித்து மேலேறுகின்றன. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று உதைக்க, அதுவும் எழுந்துவிடும். இப்படிச் சில நாள் ஏறி, மேல்மணல் சூடாக இருந்தால் அங்கேயே அடங்கிக் காத்திருந்து, இரவில் மணல் குளிர்ந்ததும் ஒன்றாகக் கொப்பளித்து வெளியே வருகின்றன. நூறு அண்ணன் தம்பி, அக்கா தங்கை! உங்கள் சிப்பியை எதற்கு இவ்வளவு தனிமையில் விட்டீர்கள்?

அக்கா தங்கை என்றேன். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பேரனிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை கடற்கரைக்குப் போனதும் மணலில் கை வைத்துப் பார்ப்பான்.

தாய் ஆமை முட்டையிடும்போது அழுததாக எழுதியிருக்கிறீர்கள். பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கண்ணோரம் நீர் வழிவது உண்மை. ஆனால் அது உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை, கடலுக்குள் இருக்கும்போதும் நடப்பது. இதை வெட்டி எறிய வேண்டாம். "பாட்டி, அது அழுவுது" என்று பேரன் சொல்லட்டும். "உப்பைக் கண்ணு வழியா வெளியே விடுதுடா" என்று பாட்டி சொல்லட்டும். அவன் கொஞ்ச நேரம் கழித்து, "அழுதாலும் உப்புதானே பாட்டி வரும்?" என்று கேட்கட்டும். இரண்டு பேர் சொன்னதும் பக்கத்திலேயே இருக்கும், உண்மையும் கெடாது.

நம் முன்னோர் இந்த ஆமையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அகநானூற்றின் 160ஆம் பாடலில், நிறைசூலுற்ற ஆமை அடும்பங்கொடி சிதைய வெண்மணலில் முட்டையிட்டு மறைத்துப் புதைக்கும் காட்சி வருகிறது. முட்டையின் உருண்டை வடிவம், அதன் புலால் நாற்றம் எல்லாம் இருக்கிறது. அடும்பு இன்றும் நம் கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறது. குஞ்சு பொரியும் வரை ஆண் ஆமை காவல் காப்பதாகவும் அந்தப் பாடல் சொல்கிறது. அது மட்டும் இயற்கையில் இல்லை, ஆண் கரைக்கே வருவதில்லை. காவல் இல்லாத முட்டையை மனித மனம் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கு வந்த அதே ஆசை அந்தப் பாடலை எழுதியவருக்கும் வந்திருக்கிறது. ஆனால் கவிஞர் தலைவன் தலைவியைப் பற்றிப் பாடினார். நீங்களோ ஆமையைப் பற்றி எழுதுகிறீர்கள், படிக்கிற குழந்தை அதை ஆமையின் வாழ்க்கை என்றே நம்பும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் புத்தகத்தில் ஒரு பெண்குயில் இனிமையாகக் கூவிக் காக்கையை ஏமாற்றுவதாக எழுதியிருந்தேன். ஒரு பள்ளியில் அதை வாசித்துக் காட்டியபோது ஐந்தாம் வகுப்புச் சிறுமி எழுந்து, தன் வீட்டு வேப்பமரத்தில் கூவுகிற குயில் கறுப்பு என்றாள். அவள் சொன்னது சரி. கூவுவது கறுப்பாக இருக்கும் ஆண். பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதற்கு அந்தக் கூவல் கிடையாது. ஆண் சத்தம் போட்டுக் காக்கைகளைத் தன் பின்னால் துரத்த வைக்க, அந்த நேரத்தில் பெண் கூட்டுக்குள் நழுவி முட்டையிடும் என்று பறவைகளைப் பார்ப்பவர்கள் குறித்திருக்கிறார்கள். நான் கற்பனை செய்ததைவிட நல்ல கதை என் வீட்டு மரத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிய மற்ற குழந்தைகளுக்கு யார் திருத்திச் சொல்வார்கள் என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது.

சரி, ஆமை பேசலாமா? தாராளமாகப் பேசலாம். மருமகளிடம் நான் இதைச் சொன்னதாகச் சொல்லுங்கள்: நரியும் காக்கையும் பேசும் கதைகளைக் கேட்டுத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம், அதனால் யாருக்கும் அறிவியல் குறைந்துவிடவில்லை. அந்தக் கதைகளில் நரி என்பது தந்திரமான மனிதன் என்று குழந்தைக்கே தெரியும். உங்கள் கதை அந்த வகை அல்ல. பேச்சு நாம் இரவல் கொடுப்பது, அதில் தவறில்லை. உடம்பும் பழக்கமும் அந்த உயிருடையதாகவே இருக்க வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் சோதனை இது: அந்த உயிருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றை அது சொல்கிறதா? உங்கள் சிப்பி முட்டையிலிருந்து வந்த அன்றே, "அதோ தெரிகிறதே, அது கலங்கரை விளக்கம்" என்கிறது. அதற்கு எப்படித் தெரியும்? "ஒரு வெளிச்சம் வருது, போகுது, மறுபடி வருது. அது கடல் இல்லை. கடல் இப்படிக் கண் சிமிட்டாது" என்று அது யோசிக்கட்டும். படிக்கிற குழந்தை, "ஐய, அது லைட் ஹவுஸ்!" என்று கத்தும். ஆமைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்பதில் குழந்தைக்கு வருகிற மகிழ்ச்சி தனி.

உடம்பு என்று சொன்னதால் ஒரு திருத்தம். நாய் வந்ததும் சிப்பி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். குளத்து ஆமை இழுத்துக்கொள்ளும், கடலாமையால் முடியாது. துடுப்பையும் உள்ளே இழுக்க முடியாது. ஒளிந்துகொள்ள அதற்கு இடமே கிடையாது, ஓட வேண்டியதுதான். அந்தக் காட்சி இப்போது எவ்வளவு பதற்றமாகிவிட்டது, பாருங்கள்.

வாளிப் பையனைக் கதையிலிருந்து எடுத்தேவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த ஆமை 1972ஆம் வருட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது, வீட்டில் வைப்பது குற்றம். அதைவிட முக்கியமானது, குஞ்சு பிறந்த சூட்டில் நிற்காமல் நீந்தி ஆழக் கடலை எட்ட வேண்டும். அதற்கான தெம்பு வயிற்றில் உள்ள கருவுணவில் சில நாளுக்குத்தான் இருக்கும். ஒரு வாரம் வாளியில் வைத்தால் அந்தத் தெம்பு அங்கேயே தீர்ந்துபோகும். கதையில் ஒரு பையன் அன்போடு செய்வதைப் படிக்கிற பையனும் அன்போடு செய்வான். கூண்டுக் கிளியை வைத்து எழுதுபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

செத்த ஆமையைக் கதைக்குள் கொண்டுவருவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி கடிதத்தில் இருக்கிறது. கொண்டுவரலாம். ஒரே ஒரு பக்கத்தில், பெரிய விளக்கம் இல்லாமல். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின, பார்த்த குழந்தைகள் பலர். கடலாமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் நெடுநேரம் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இதைச் சொல்லும்போது மீனவரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். வலையில் சிக்கிய ஆமையைத் தன் வலையையே அறுத்து விடுகிற மீனவர்கள் இதே கரையில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் உங்கள் கதைக்குள் வரட்டும். ஆயிரத்தில் ஒரு குஞ்சுதான் பெரிதாகும் என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை ஏழு வயதுக்காரனின் தலையில் இறக்க வேண்டாம். "எல்லாம் போய்ச் சேராது" என்று பாட்டி ஒருமுறை சொன்னால் போதும்.

முடிவுக்கு என்ன செய்வது என்பீர்கள். பெண் ஆமை வளர்ந்து முட்டையிட பத்து, பதினைந்து வருடம் ஆகும். அப்போது அது எந்தக் கரைப் பகுதியில் பிறந்ததோ அங்கேயே பெரும்பாலும் திரும்பி வருகிறது. உங்கள் பேரனுக்கு அப்போது இருபது வயதை ஒட்டி இருக்கும். ஒரு இரவு அவன் அதே கடற்கரையில் டார்ச்சை அணைத்துவிட்டு நிற்கிறான். இருட்டில் ஏதோ மணலை உரசிக்கொண்டு வருகிறது. அது சிப்பியா என்று அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தொம் தொம் என்ற சத்தம் மட்டும் கேட்கட்டும். தாயும் குஞ்சும் சேரவில்லைதான், ஆனால் குஞ்சே தாயாகி வந்துவிட்டது.

ஓவியர் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் தேட வேண்டாம். பெரும்பாலான பதிப்பகங்கள் எழுத்தை ஏற்றுக்கொண்ட பிறகு தாங்களே ஓவியரை அமர்த்துகின்றன. காசு கொடுத்து முன்கூட்டியே வரைந்து வாங்கினால் அது வீணாகிவிடலாம். ஆனால் கதையோடு ஒரு தனித்தாளில், முன்துடுப்பு நீளம், தலை உள்ளே போகாது, பல் கிடையாது, குஞ்சு கருஞ்சாம்பல் நிறம், பெரியது பச்சை கலந்த சாம்பல் என்று குறித்து அனுப்புங்கள். கடலாமைக்குக் குளத்து ஆமையின் கால் வரைந்த புத்தகங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

அளவும் முக்கியம். படக்கதைகள் பொதுவாக 16, 24, 32 பக்கம் வரும். பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் எட்டின் மடங்கு. அதற்கு 600 முதல் 800 சொல் போதும், உங்களுடையது இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. நண்டும் திருக்கையும் வாளியும் போனாலே பாதி குறைந்துவிடும். "குட்டிக் குட்டிச் சிறகு போன்ற அழகிய துடுப்புகள்" மாதிரியான இடங்களிலும் கத்தரி போடுங்கள். படம் காட்டுவதை எழுத்து மறுபடி சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொல்லாமல் திருப்பியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சென்னையிலேயே தமிழில் நல்ல சிறுவர் நூல்கள் போடும் பதிப்பகங்கள் சில இருக்கின்றன. ஜனவரிப் புத்தகக் காட்சியில் ஒவ்வொரு கடையாக நின்று, உங்கள் கதைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய புத்தகம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே அனுப்புங்கள். அதற்கு முன் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பேரனோடு நாலு சனிக்கிழமை உட்கார்ந்தாலும் நல்லது.

அப்புறம், அடுத்த தை, மாசியில் ஒரு இரவு ஆமை நடைக்குப் போய் வாருங்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் 1988 முதல் இதற்கென்றே ஒரு அமைப்பு வைத்து நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைத்துக் காக்கிறார்கள். பொதுமக்களும் உடன் நடக்கலாம். ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க முழங்கால் இடம் கொடுக்காவிட்டால், ஒரு காலையில் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பம் பக்கம் போய் வலை பின்னுகிற பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். ஆமையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் அவர்களிடம் இருக்கிற சொற்கள் நம்மிடம் இல்லை. கொண்டல் காற்று அடிக்கும்போது கடல் எப்படி இருக்கும் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கதையில் கடல் வெறுமனே "நீலமாக" இருக்கிறது.

நாத்தனாருக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, பேரன் சொல்லட்டும். ஆமை நம் வீட்டுக்குள் புகவில்லை, அதன் வீட்டு வாசலில் நாம்தான் விளக்குப் போட்டிருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டால், அத்தைப்பாட்டியிடம் அவனே பேசிக்கொள்வான். அந்த நோட்டை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள்.

திருத்தி எழுதியதும் நீங்கள் வாசித்துக் காட்டாமல், பேரனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவன் தடுக்குகிற இடம், பக்கத்தைச் சீக்கிரம் புரட்டுகிற இடம், கேள்வி கேட்கிற இடம் எல்லாவற்றையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தப்பிரதி எடுக்க வேண்டாம், அந்தப் பென்சில் குறிகளோடேயே எனக்கு அனுப்புங்கள்.